வேலியோரம் ஊற்றிய சுடுதண்ணீர்

வீட்டுக்குப் பின்னால் மருந்தில்லாமல் காய்கறி போட வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று யாராவது வந்து கேட்டால், நான் விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ பேசுவதில்லை. முதலில் உங்கள் ஸ்டோரைத் திறந்து காட்டுங்கள் என்பேன். பழைய பெயிண்ட் டின்னுக்குப் பின்னால், கிழிந்த குடைக்கு அடியில், மூடி இறுகிப்போன ஒரு போத்தலாவது இருக்கும். கரையானுக்கு வாங்கியது, எறும்புக்கு வாங்கியது, யாரோ கொடுத்தது என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள். அது முதலில் வீட்டை விட்டுப் போகட்டும், மண்ணை அப்புறம் பார்க்கலாம் என்பேன். வந்தவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனவர்களும் உண்டு. போகட்டும்.

கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனை எஸ்டேட்டில் மருந்தடிக்கும் கும்பலுக்கு நான் மண்டோராக இருந்தேன். மண்டோர் என்றால் ஆட்களை வேலை வாங்குகிறவன். மருந்து என்றால் புல்லைக் கொல்கிற மருந்து. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்து பெயர் கொடுத்ததும் பெண்கள் முதுகில் மருந்துப் பம்பைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக இறங்குவார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு வட்டம் சுத்தமாக இருக்க வேண்டும். உதிர்ந்த பழம் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. வட்டத்துக்குள் ஒரு புல் நின்றால் மேனேஜர் என்னைத் திட்டுவார், நான் அவர்களைத் திட்டுவேன். வாங்கியதை வட்டியோடு கொடுப்பேன். என் வாய் அந்த வட்டாரத்தில் பேர் போனது.

அந்தப் பெண்களில் என் மனைவியும் ஒருத்தி. கல்யாணமான கையோடு அவளை வேறு வேலைக்கு மாற்றியிருக்கலாம். ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மண்டோர் பெண்டாட்டிக்குச் சலுகை என்று எவளும் பேசிவிடக் கூடாது என்பதற்காக நான் சொல்லவில்லை. பெரிய மானஸ்தன்! அவளுக்கு வலது கையில் இரண்டு நகங்கள் கறுத்து விழுந்தன. மழைக் காலத்துக்கு முந்தைய வெயிலில் மூக்கில் ரத்தம் வரும். காட்டுவாள். "ஒண்ணும் ஆவாது. பால குடிச்சிட்டுப் படு" என்பேன். மேனேஜர் எனக்குச் சொன்னது அது. நானும் அதை நம்பினேன் என்று இப்போது சொல்லலாம். நம்பினேனா என்று எனக்கே தெரியவில்லை. நம்பினால் வேலை நடந்தது, அவ்வளவுதான்.

எஸ்டேட் வேலை முடிந்து லயத்து வீட்டைக் காலி செய்ததும் தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினோம். பிள்ளைகள் கிள்ளான் பக்கம் போய்விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டில் போடுகிற அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டு நிலம், அதற்கப்பால் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் தண்ணீர் வடிகிற பெரிய கால்வாய். அந்தத் துண்டில் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. சிமெண்ட் போட்டுவிட்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தலாம் என்றிருந்தேன்.

மனைவிக்குக் கையில் ஒரு தொல்லை வந்தது. பாசார்ச் சந்தையில் வாங்கிய சாவிக்கீரை, முளைக்கீரை எதை அலசினாலும் விரல் மூட்டெல்லாம் சிவந்து வெடித்துவிடும். கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள், கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி எறிந்தாள். மூன்றாம் நாள் சிமெண்ட் விலை கேட்டுவிட்டு வந்த என்னிடம் சொன்னாள்.

"சிமெண்ட்டு வேணாங்க. அந்த எடத்துல கீரை போடுறேன். நாஞ் சாகுறதுக்குள்ள மருந்து படாத கீரை ஒரு பிடி திங்கணும்."

"அவ்வளவுதானே? போட்டுட்டாப் போச்சு."

"அவ்வளவுதான் இல்ல. இந்த வீட்டு வாசப்படிக்குள்ள மருந்து வரக்கூடாது. இத்தன வருசத்துல இது ஒண்ணுதான் உங்ககிட்ட கேக்குறேன்."

சரி என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொரு தரமும் சரி என்றேன்.

வாழ்நாளெல்லாம் செடிகளுக்கு நடுவே நின்றவனுக்கு ஒரு கீரைப் பாத்தி பெரிய காரியமா என்று நினைத்தேன். கிழிந்தது! செடியைக் கொல்லத்தான் எனக்குத் தெரியும். வளர்ப்பது வேறு வேலை என்பதே அறுபது வயதில்தான் தெரிந்தது. முதல் வாரம் மண்வெட்டியை எடுத்து அந்தத் துண்டு முழுவதையும் செதுக்கி, ஒரு தூசு துரும்பு இல்லாமல், செம்பனை வட்டம் போல மழமழவென்று ஆக்கினேன். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. விதைத்தேன். அன்று மாலை கொட்டிய மழையில் விதையெல்லாம் அடித்துக்கொண்டு கால்வாய்க்குப் போனது. தப்பி முளைத்ததும்கூட, அடுத்து அடித்த வெயிலில் களிமண் அப்பளம் போல இறுகிக் கழுத்தை நெரித்ததில் செத்தது. எங்கள் பக்கத்து மண் அப்படி. கடல் விட்டுப் போன களிமண். ஈரத்தில் காலை விடாது, காய்ந்தால் கடப்பாரைக்கும் அசையாது.

நான் மறுபடியும் செதுக்கினேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் வீட்டுப் பின்புறம் செராய் என்கிற எலுமிச்சைப் புல், மஞ்சள், வெண்டி எல்லாம் புல்லும் பூண்டுமாகக் கலந்து கிடக்கும். அதைப் பார்த்து அதுவரை நான் மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தவன். "பியார்லா, அண்ணே, பியார்" என்றார். விடு, அப்படியே விடு என்று. விட வேண்டுமாம்! என் கை விடாது. ஒரு புல் தலைநீட்டினால் எனக்கு முதுகு அரிக்கும்.

மனைவிதான் மண்வெட்டியைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள். அதன்பிறகு அவள் சொன்னபடி நடந்தது. பாத்தியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினோம், தண்ணீர் வடிய. சமையலறைக் கழிவு ஒரு கை, காய்ந்த இலை இரண்டு கை என்று ஒரு டிரம்மில் மாற்றி மாற்றிப் போட்டு மக்க வைத்தோம். முதல் தடவை நான் அவசரத்தில் ஈரக் கழிவை மட்டும் கொட்டியதில் நாறித் தெருவே மூக்கைப் பிடித்தது. காய்ந்த இலை கூடுதலாக இருந்தால் நாறாது, புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும். மண் வெயிலைப் பார்க்கக் கூடாது என்று அதன் மேல் மூடுவதற்கு வைக்கோல் கேட்டாள். செகிஞ்சான் நெல் வயல்களில் அறுப்பு முடிந்திருந்தது. மோட்டார் சைக்கிளில் இரண்டு கட்டு கொண்டுவந்தேன்.

அவள் கட்டைப் பிரித்து ஒரு பிடி எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். கண்ணை மூடி மோந்தாள்.

"இது வேணாம். மருந்து அடிச்ச வயலு."

"வைக்கோலுல எங்க வாடை வருது? எனக்கு ஒண்ணும் வரலையே."

"நீங்க நிரைக்கு வெளியில நின்னவரு. நான் முதுகுல சொமந்தவ. எனக்குத் தெரியும், திருப்பிக் கொண்டுபோங்க."

வெயிலில் செகிஞ்சான் வரை போய் வந்தவனுக்கு எப்படி இருக்கும்! முணுமுணுத்துக்கொண்டே திருப்பிக் கொண்டுபோனேன். அதற்குப் பதில் தேங்காய்க் கடைக்காரரிடம் மட்டை நாரும், கோயில் அரசமரத்துச் சருகும் மூட்டை கட்டி வந்தோம். அதுதான் இன்றுவரை எங்கள் பாத்திக்குப் போர்வை.

மூன்றாம் விதைப்பில் கீரை வந்தது. சிவப்புத் தண்டங்கீரை. வெண்டி, கொஞ்சம் பாகல் எல்லாம் பின்னால் வந்தன, ஆனால் அவள் காத்திருந்தது கீரைக்குத்தான். முதல் பிடியை அறுத்து, பருப்புப் போட்டுக் கடைந்து, தன் தட்டில் முதலில் போட்டுக்கொண்டாள். எப்போதும் எனக்குப் போட்டுவிட்டுத்தான் அவள் உட்காருவாள். அன்று மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே செய்தாளா, நான் கேட்கவில்லை. அடுத்த சில வாரங்களில் கை ஆறியது. வெடிப்பு மூடி, விரல்கள் பழைய நிறத்துக்கு வந்தன.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, லாலாங் வரும்வரை.

கால்வாய்க் கரையிலிருந்து வேலிக்கு அடியில் வேர் விட்டு உள்ளே வந்த புல் அது. மேலே பிடுங்கினால் கீழே சிரிக்கும். வெள்ளை வேரைத் தோண்டித் தோண்டி எடுத்தோம். ஒரு விரல் நீளத் துண்டு மண்ணில் நின்றால் போதும், பத்து நாளில் மறுபடி ஈட்டி ஈட்டியாக எழும். மனைவி அதற்காக ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து தோண்டினால் இரண்டு வருஷத்தில் அலுத்துப்போய் அது போய்விடும் என்றாள். இரண்டு வருஷம்! நான் காலையில் எழுந்து பின்கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பழைய கிராணி போன் செய்தார். எஸ்டேட் ஆபீசில் உட்கார்ந்து எங்கள் எல்லாருக்கும் பெயர் எழுதிய மனிதர். பேத்திக்குக் காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வைக்க நேரில் வருகிறேன் என்றார். போனை வைத்ததும் எனக்கு நினைவு வந்தது காதுகுத்து இல்லை, வேலிதான். அந்த மனிதர் பின்பக்கம் வந்து பார்க்காமல் போகமாட்டார். மண்டோர் வீட்டில் லாலாங் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். என் மானம் என்னாவது? எத்தனை பெண்களை ஒரு புல்லுக்காக நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்! இப்போது என் வேலியில் முழங்காலளவு நிற்கிறது.

சுங்கை ஆயர் தாவாரில் கொஞ்சம் செம்பனை வைத்திருக்கிற பழைய கூட்டாளி ஒருவன் இருந்தான். அவனிடம் போய் மினரல் தண்ணீர்ப் போத்தலில் கால் போத்தல் மருந்து வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை காலை மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். கண்ணாடி துடைக்க வைத்திருந்த சின்னப் பம்பில் கலந்து, வேலியோரம் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே சீராக அடித்தேன். கை தானாகவே போனது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. குளித்தேன், சட்டையை இரண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்தேன், மிச்சத்தை ஸ்டோரில் பெயிண்ட் டின்னுக்குப் பின்னால் வைத்தேன். அவள் வந்து பூஜைத் தட்டை வைத்தாள். பின்கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே புல் சுருண்டு பழுப்பானது.

"என்னா செஞ்சீங்க?" என்றாள்.

"சுடுதண்ணி. ரெண்டு கேத்தல் காய வச்சு ஊத்தினேன். வேரோட வெந்துடுச்சு."

"ம்" என்றாள். வாய் கூசவில்லை எனக்கு. சுடுதண்ணீர் ஊற்றினால் புல் சாகும் என்பது உண்மைதான், பலர் செய்கிறார்கள். அதனால் பொய் பாதிதான் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். கடைசிப் பாத்தியில் சில கீரை இலைகளில் பொட்டுப் பொட்டாகக் கருகியிருந்தது. காற்று திருப்பிவிட்டிருக்க வேண்டும். அவள் பார்ப்பதற்கு முன்னால் அந்த இலைகளை மட்டும் கிள்ளிக் கால்வாயில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிராணி வந்தார். நான் நினைத்தபடியே நேரே பின்பக்கம் போனார்.

"அடேயப்பா! மண்டோர் வேலி இன்னும் மண்டோர் வேலிதான்லா! இந்த வயசுலயும் எப்படி?"

"மருந்தெல்லாம் கெடையாது. சுடுதண்ணிதான்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவர் விவரம் கேட்டார், எவ்வளவு கொதிக்க வேண்டும், எத்தனை கேத்தல் என்று. நானும் விலாவாரியாகச் சொன்னேன். மனைவி காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "நான் பாக்கல, கோயிலுக்குப் போயிருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். கிராணி மூலமாகச் செய்தி பரவி, தாமானில் நாலைந்து பேர் என்னிடம் வந்து சுடுதண்ணீர் வித்தை கேட்டுப் போனார்கள். கேட்க வந்தவர்களுக்கு முகம் கோணாமல் சொல்லிக்கொடுத்தேன்.

கீரை தொடர்ந்து தட்டுக்கு வந்தது. "நம்ம கீரைன்னா ருசியே தனிதான்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன். குற்றம் செய்தவனுக்கு வாய் கொஞ்சம் அதிகமாகவே நீளும். அவள் ரசமும் அப்பளமும் போட்டுக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்தாள். வயிறு சரியில்லை என்றாள். நான் அதை யோசிக்கவில்லை.

மூன்றாவது வாரம், தட்டை வாங்க நீண்ட அவள் கையைப் பார்த்தேன். விரல் மூட்டெல்லாம் சிவந்து வெடித்திருந்தது. கட்டைவிரல் பக்கம் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. அந்தக் கருகிய பொட்டுகள்தான் கண்முன்னே வந்தன. நான் கிள்ளிப் போட்டது கண்ணில் பட்டதை மட்டும்தான். படாததை எல்லாம் அவள் தினமும் ஆய்ந்திருக்கிறாள், அலசியிருக்கிறாள். அவள் கேட்ட ஒரே ஒரு பிடியிலும் நான் மருந்தைப் போட்டுவிட்டேன். அன்று பகல் முழுவதும் அவள் கையைப் பார்க்காமல் அங்குமிங்கும் நடந்தேன்.

மறுநாள் காலை பின்படியில் செய்தித்தாளை விரித்து அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போய் எதிரில் நின்றேன்.

"கை ஏன் அப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணும் ஆவாது."

அந்தச் சொல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

"அந்தக் கீரையக் கீழ போடு. தொடாத. அன்னிக்கு நான் ஊத்தினது சுடுதண்ணி இல்ல. மருந்து அடிச்சிட்டேன். கீரையிலயும் பட்டிருச்சு."

அவள் தண்டை ஒடித்து நாரை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்."

"எப்ப?"

"கோயில்லேருந்து வந்து கதவத் தொறந்தேனே, அப்பவே. எத்தன சோப்புப் போட்டா என்னா, வாடை போயிடுமா? இது பாசார் கீரைங்க. அன்னியிலேருந்து நம்ம பாத்தியில உள்ளத நான் அடுப்புல ஏத்தவே இல்ல. வெட்டி, பையில கட்டிக் குப்ப லோரிக்குப் போட்டுட்டேன். நீங்க ருசியே தனின்னு தின்னது எல்லாம் பாசார் கீரைதான்."

கையில் வெடிப்பு வந்தது அதனால்தான். எனக்காக, என் பொய் கலையாமல் இருப்பதற்காக, கையைக் கொடுத்து மூன்று வாரம் அலசியிருக்கிறாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, வெட்கம் அப்படித்தான் எனக்கு வரும்.

"தெரிஞ்சா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே! என்னைய ஏன் இப்படி முட்டாளாக்குன?"

"எத்தன வாட்டி கேக்குறது? நகம் விழுந்தப்ப காட்டுனேன். மூக்குல ரத்தம் வந்தப்ப காட்டுனேன். ஒண்ணும் ஆவாதுன்னீங்க. இந்த வாட்டி நானா கேக்கக் கூடாது, நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்."

"சொல்லாமயே இருந்திருந்தா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கைதானே. பழகுனதுதான்" என்றாள்.

நான் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். அன்றைக்கு மட்டும் இல்லை, எஸ்டேட்டில் நடந்ததற்கும் சேர்த்து. சத்தமாக வரவில்லை. அவள் கேட்டாளா, கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா, தெரியாது. பிறகு கீரைச் செய்தித்தாளை என் பக்கம் தள்ளி, "மிச்சத்த நீங்க ஆயுங்க" என்றாள். அன்று முதல் பாசார் கீரையை நான்தான் ஆய்கிறேன், நான்தான் அலசுகிறேன்.

போத்தலை அன்றே கொடுத்தவனிடம் திருப்பிக் கொடுத்தேன். கடைசிப் பாத்தியின் மண்ணை வாரி எடுத்தோம். மற்ற பாத்திகளிலும் ஒரு வருஷம் வாயில் வைக்கிற எதையும் போடக் கூடாது என்று அவள் கெடு வைத்தாள். துலுக்கச் செவ்வந்தி போட்டோம். சுடுதண்ணீர் கேட்டுப் போனவர்களிடமெல்லாம் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "எங்களுக்கு வேல செஞ்சுச்சே!" என்றார். கிராணியிடமும் போனில் சொன்னேன்.

லாலாங் திரும்பி வந்தது. வராமலிருக்குமா! சனிக்கிழமை தோறும் நான் வேலியோரம் உட்கார்ந்து கையால் தோண்டுகிறேன். மனைவி பின்படியில் நின்று, "அந்த மூலையில ஒரு துண்டு விட்டுட்டீங்க" என்பாள். பழைய மண்டோருக்குப் புது மண்டோர். ஆரம்பிக்கிறவர்களுக்கு இதையும் சொல்கிறேன். புல்லுக்கு மருந்து தேடாதீர்கள், முழங்காலுக்கு ஒரு பலகை தேடுங்கள், உட்கார்ந்து தோண்ட.

கெடு முடிந்து மறுபடியும் தண்டங்கீரை போட்டோம். நன்றாகவே வந்தது. அவள் இப்போது சாப்பிடுகிறாள், கையும் ஆறியிருக்கிறது. கீரையை நான் அறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒரு தடவையும் அவள் அதை உடனே கழுவுவதில்லை. கீரைக்கட்டை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மோந்து பார்க்கிறாள், அன்று செகிஞ்சான் வைக்கோலைப் பார்த்த மாதிரியே. நான் பக்கத்தில் நிற்கிறேன். இத்தனை மாதமாகியும் அந்த நேரத்தில் எனக்கு மூச்சு வருவதில்லை. பிறகு அவள் பைப்பைத் திறக்கிறாள்.